அந்த 77 யாருடையது? பன்னாட்டு மேலாண்மை ஆய்வு இன்று நிற்கும் இடம்

நொய்யல்கரை (இழையைத் தொடங்கியவர்)
6 செப்டம்பர் 2025, இரவு 9.12

அனைவருக்கும் வணக்கம். கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் மேலாண்மைப் பாடம் நடத்திக்கொண்டே, பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வில் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியில் இயங்கும் கொரிய, ஜப்பானிய நிறுவனங்களில் வெளிநாட்டு மேலாளர்களுக்கும் உள்ளூர்ப் பணியாளர்களுக்கும் இடையிலான வேலை உறவே என் தலைப்பு. பெரும்பாலோர் செய்வதைப் போலவே நானும் ஒவ்வொரு நாட்டின் பண்பாட்டுக்கும் மதிப்பெண் கொடுத்த ஆய்வாளர் ஹோஃப்ஸ்டெடின் பண்பாட்டுப் பரிமாணங்களை அடித்தளமாக வைத்து முன்மொழிவை எழுதினேன். அதிகார இடைவெளியில், அதாவது அதிகாரம் சமமின்றி இருப்பதை மக்கள் எவ்வளவு இயல்பாக ஏற்கிறார்கள் என்பதில், இந்தியா 77, தென்கொரியா 60, ஜப்பான் 54. நிச்சயமின்மையைத் தவிர்ப்பதில், அதாவது தெளிவற்ற நிலையைக் கண்டு எவ்வளவு சங்கடப்படுகிறார்கள் என்பதில், இந்தியா 40, தென்கொரியா 85, ஜப்பான் 92. இந்த இடைவெளிகளிலிருந்து கருதுகோள்கள் தாமாகவே வரிசைகட்டி வந்துவிட்டன.

சென்ற வாரம் நடந்த ஆய்வுக் குழுக் கூட்டத்தில், புள்ளியியல் துறையிலிருந்து வந்திருந்த உறுப்பினர் ஒருவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “இந்த 77 யாருடையது?” இந்தியாவினுடையது என்றேன். “இந்தியாவில் யாருடையது?” என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. அதற்குப் பிறகு, இத்துறையில் இப்போது உண்மையில் என்ன கேள்விகள் கேட்கப்படுகின்றன என்று அவர் விசாரித்தபோது, பாடநூல் அட்டவணையைத்தான் ஒப்பித்தேன் என்பது எனக்கே புரிந்தது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தாமிரபரணி
7 செப்டம்பர் 2025, காலை 6.35

தம்பி, அந்த உறுப்பினர்மீது வருத்தம் வேண்டாம். ஓர் எண் எங்கே பிறந்தது என்று தெரிந்தால்தான் அதன் தலையில் எவ்வளவு சுமை ஏற்றலாம் என்று தெரியும். நான் முப்பது ஆண்டுகளுக்குமேல் இந்தப் பாடத்தை நடத்தி ஓய்வுபெற்றவன். அதில் முதல் பத்தாண்டுகள் நானும் அந்த அட்டவணையைக் கரும்பலகையில் எழுதிப்போட்டவன்தான்.

ஹோஃப்ஸ்டெட் ஐபிஎம் நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவில் பணியாளர் ஆய்வைக் கவனித்தவர். 1967 முதல் 1973 வரை அந்நிறுவனம் தன் பல நாட்டுக் கிளைகளில் எடுத்த மனப்போக்குக் கணக்கெடுப்பின் ஏறத்தாழ 1,16,000 வினாத்தாள்கள் அவருடைய மூலம். 1980இல் வந்த நூலில் நிறுவனத்தின் பெயரை மறைத்து ‘ஹெர்மீஸ்’ என்றே குறிப்பிட்டார். நிறுவனம் ஒன்று, வேலைகளும் ஏறத்தாழ ஒன்று, ஆகையால் மிஞ்சுகிற வேறுபாடு நாட்டினுடையதாகத்தான் இருக்க முடியும் என்பது அவருடைய தர்க்கம். தர்க்கம் அழகானதுதான். ஆனால் 1970ஐ ஒட்டிய இந்தியாவில் ஐபிஎம் அலுவலகத்தில் வேலை பார்த்தவர் யார் என்று எண்ணிப்பாருங்கள். பெருநகரத்தில் வளர்ந்து, ஆங்கிலத்தில் படித்து, கணிப்பொறி விற்ற சிலர். அந்த ஐபிஎம்மும் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தின் நிபந்தனைகளை ஏற்க மறுத்து 1978இல் நாட்டை விட்டே போய்விட்டது. போனவர்கள் விட்டுச்சென்ற 77ஐத்தான் நாம் இன்னும் ஒரகடத்து அசெம்பிளி லைனில் நிற்பவருக்கு அணிவித்துக்கொண்டிருக்கிறோம்.

இதை முதலில் சொன்னவன் நானல்லன். 2002இல் பிரெண்டன் மெக்ஸ்வீனி எழுதிய நீண்ட மறுப்புக் கட்டுரையைப் படியுங்கள். மொத்தம் லட்சத்தைத் தாண்டினாலும் நாடுவாரியாகப் பிரித்தால் பல இடங்களில் எண்ணிக்கை மெலிந்துவிடுகிறது என்று அவர் காட்டினார். பாகிஸ்தானில் முதல் சுற்றில் 37 பேர், இரண்டாம் சுற்றில் 70 பேர். ஹோஃப்ஸ்டெட் விடாமல் பதில் சொன்னார், அதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இன்னொன்று. நாட்டளவில் எடுத்த எண்ணைத் தனிமனிதர்மேல் பொருத்தக் கூடாது என்று ஹோஃப்ஸ்டெடே எச்சரித்திருக்கிறார். அதன் காரணத்தை 1950இலேயே ராபின்சன் என்ற சமூகவியலர் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை வைத்து விளக்கிவிட்டார். வெளிநாட்டில் பிறந்தவர்கள் மிகுந்த மாநிலங்களில் எழுத்தறிவின்மை குறைவாக இருந்தது. ஆனால் ஆளாளாகப் பார்த்தால், வெளிநாட்டில் பிறந்தவர்களிடம்தான் எழுத்தறிவின்மை சற்றுக் கூடுதல். ஏற்கெனவே படித்தவர்கள் நிறைந்த மாநிலங்களில் அவர்கள் குடியேறினார்கள், அவ்வளவுதான் விஷயம். மாநிலக் கணக்கை வைத்து மனிதர்களைப் பற்றிப் பேசியிருந்தால் முடிவு தலைகீழாகியிருக்கும். உங்கள் கருதுகோள்கள் எல்லாம் இந்த வழுக்கலில்தான் நிற்கின்றன.

துறையின் இன்றைய போக்கைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

இரண்டாம்ஷிஃப்ட்
7 செப்டம்பர் 2025, பிற்பகல் 1.20

நண்பரே, நான் ஆய்வாளன் அல்லன். ஒரகடம் பக்கத்தில் ஒரு வாகன உதிரிபாக நிறுவனத்தில் மனிதவளப் பிரிவில் பதினொரு ஆண்டுகளாக இருக்கிறேன். உங்களைப் போன்றவர்கள் ஆண்டுதோறும் நான்கைந்து பேர் வினாத்தாள் கட்டுடன் வருகிறார்கள். அந்த அனுபவத்திலிருந்து ஒன்றைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

நிறுவனத்தின்மீதான பற்றுறுதியை அளக்கும் வினாத்தாள் ஒன்றை ஒரு மாணவி கொண்டுவந்தார். தமிழில் எழுதினால் புரியாது என்று எண்ணி, “இந்தக் கம்பெனியில் எனக்குக் கமிட்மென்ட் அதிகம்” என்று ஒரு வாக்கியத்தைப் போட்டிருந்தார். எங்கள் லைனில் ஏறத்தாழ எல்லோரும் “முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்” என்பதை டிக் செய்தார்கள். மாணவிக்கு ஒரே மகிழ்ச்சி. எனக்குச் சந்தேகம் வந்து, தேநீர் இடைவேளையில் இருவரிடம் கேட்டேன். ஒருவர் தங்கை திருமணத்துக்கு வாங்கிய கடனைச் சொன்னார். கம்பெனியின் கூட்டுறவுச் சங்கத்தில் எடுத்த கடன் அது. இன்னொருவர் சீட்டுத் தவணையைச் சொன்னார். நம் பேச்சுத் தமிழில் ‘கமிட்மென்ட்’ என்றால் மாதம் பிறந்தால் கட்ட வேண்டிய பணம் என்று பொருள், ஐயா. அந்த மாணவி அளந்தது கடன் சுமையை, எழுதியது பற்றுறுதியை.

‘எம்பவர்மென்ட்’ என்பதை ‘அதிகாரமளித்தல்’ என்று எழுதினாலும் இதே கதைதான். மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டத்தில் கேட்ட சொல் அது என்று பெண் தொழிலாளர்கள் சொல்கிறார்கள். “உங்கள் மேற்பார்வையாளர் உங்களுக்கு அதிகாரமளிக்கிறாரா?” என்றால், அரசு ஏதோ திட்டம் கொண்டுவந்திருக்கிறதா என்று அவர்கள் திருப்பிக் கேட்பதில் தவறில்லை.

புள்ளிவிவரப்பித்தன்
7 செப்டம்பர் 2025, இரவு 11.48

ஐரோப்பாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் எண்சார்ந்த ஆய்வு செய்பவன் என்ற முறையில், எண்கள்மீது இவ்வளவு எளிதாகக் கல்லெறிவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

ஹோஃப்ஸ்டெடின் குறைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. அதனால்தான் ராபர்ட் ஹவுஸ் தலைமையில், பண்பாட்டையும் தலைமைப் பண்பையும் பல நாடுகளில் ஒப்பிடும் குளோப் திட்டம் தொடங்கப்பட்டு, 62 சமூகங்களில் ஏறத்தாழ 17,000 இடைநிலை மேலாளர்களிடம் தரவு திரட்டப்பட்டது. “உங்கள் சமூகத்தில் எப்படி இருக்கிறது”, “எப்படி இருக்க வேண்டும்” என்று அவர்கள் தனித்தனியாகக் கேட்டார்கள். கிடைத்த விடை எதிர்பாராதது: ஒன்பது பரிமாணங்களில் ஏழில், நடைமுறையும் விழுமியமும் எதிரெதிராகச் சென்றன. அதைவிட வியப்பு, குளோப்பின் ‘நிச்சயமின்மையைத் தவிர்த்தல்’ நடைமுறை அளவும் ஹோஃப்ஸ்டெடின் அதே பெயர்கொண்ட அளவும் எதிர்மறையாகத் தொடர்புற்றிருந்தன. ஒரே பெயர்ப்பலகை, இரண்டு வேறு கடைகள். 2006இல் இரு தரப்பும் இதைப் பற்றி ஆய்விதழில் நேரடியாகவே மோதிக்கொண்டன. துறை தன்னைத் தானே திருத்திக்கொள்வதற்கு இது சான்று.

ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய ஐயம் ஒன்று உண்டு. பண்பாடு என்று நாம் அழைப்பதில் பெரும்பகுதி, விளக்க முடியாமல் மிஞ்சியதற்கு நாம் வைத்த பெயர். நிக்கோலஸ் புளூமும் சக ஆய்வாளர்களும் மும்பைக்கு வடக்கே தாராப்பூர், உம்பர்காவ் பகுதிகளில் 17 நெசவு நிறுவனங்களை எடுத்துக்கொண்டு, சில ஆலைகளுக்கு இலவச மேலாண்மை ஆலோசனை அளித்துப் பரிசோதித்தார்கள். தரையில் கிடக்கும் குப்பையை அகற்றுதல், நூல் இருப்பைப் பதிவு செய்தல், இயந்திரக் கோளாறுகளைக் குறித்துவைத்தல் போன்ற 38 எளிய நடைமுறைகள். முதல் ஆண்டிலேயே உற்பத்தித் திறன் 17 விழுக்காடு உயர்ந்தது. 2013இல் முடிவுகள் வெளியாயின. உள்ளூர்ப் பண்பாட்டின் அனுமதியை யாரும் கேட்கவில்லை; நல்ல மேலாண்மை ஒரு தொழில்நுட்பம் போல வேலை செய்தது. ஆகவே நொய்யல்கரை அவர்கள் பண்பாட்டை விட்டுவிட்டு நடைமுறைகளை அளந்தால் என்ன என்பது என் கேள்வி.

தாமிரபரணி
8 செப்டம்பர் 2025, காலை 7.05

பித்தன் அவர்கள் எடுத்துக்காட்டிய ஆய்வின் மற்றப் பக்கங்களையும் சொல்லியிருக்கலாம். அந்த நிறுவனங்களின் அளவை முன்கூட்டியே சொல்வதற்கு மிகவும் உதவிய தகவல், உரிமையாளர் குடும்பத்தில் எத்தனை ஆண்கள் இருக்கிறார்கள் என்பதாக இருந்தது. திறமையான மேலாளர் கிடைத்தாலும் குடும்பத்துக்கு வெளியே பொறுப்பை ஒப்படைக்கத் தயங்கினார்கள். பல ஆண்டுகள் கழித்து அதே ஆலைகளுக்குத் திரும்பிப் போனபோது, புகுத்திய நடைமுறைகளில் ஏறத்தாழப் பாதி கைவிடப்பட்டிருந்தன. மிஞ்சிய பாதியின் பயனும் தெளிவாகவே நின்றது, அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் யாரை நம்பலாம் என்ற கேள்விக்கு நீங்கள் வேறு பெயர் வைத்தாலும் அது உள்ளே இருந்துகொண்டுதான் இருக்கிறது.

இப்போது தம்பி கேட்ட இரண்டாவது கேள்வி, துறை எங்கே போகிறது என்பது. 2002இல் பீட்டர் பக்லி, பன்னாட்டு வணிக ஆய்வுக்கு நீராவி தீர்ந்துபோகிறதா என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். பெரிய கேள்விகள் சிலவற்றுக்கு விடை கண்டுபிடித்துவிட்டோம், அடுத்த பெரிய கேள்வி எது என்பது அவருடைய கவலை. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, கேள்வி நம்மைத் தேடி வந்துவிட்டது. நாம் கற்பித்த கோட்பாடுகளில் பெரும்பாலானவை உலகம் மெல்லமெல்லத் திறந்துகொண்டே போகும் என்ற நம்பிக்கையில் எழுந்தவை. 1977இன் உப்சாலா மாதிரியையே எடுத்துக்கொள்ளுங்கள்: நிறுவனம் பக்கத்து நாட்டில் கால் நனைத்து, கற்றுக்கொண்டு, படிப்படியாகத் தொலைவுக்குப் போகும். அந்த மாதிரியில் போவதற்கு ஏணி இருக்கிறது. ஒரே இரவில் திரும்பி வருவது எப்படி என்பதற்கு ஏணி இல்லை.

2022இல் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்தபின் நிகழ்ந்தது இதற்கு நல்ல பாடம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் வெளியேற்றத்தையோ குறைப்பையோ அறிவித்துவிட்டன என்று யேல் பல்கலைக்கழகக் குழு பட்டியலிட்டது. ஐரோப்பிய ஒன்றிய, ஜி-7 நாடுகளைச் சேர்ந்த 1,404 நிறுவனங்களை எடுத்துப் பார்த்த எவனெட், பிசானி என்ற இரு ஆய்வாளர்கள், அந்த ஆண்டு நவம்பர் இறுதிவரை குறைந்தது ஒரு துணை நிறுவனத்தையாவது உண்மையில் விற்றுவிட்டு வந்தவை 8.5 விழுக்காடுதான் என்றார்கள். இரு தரப்பும் கடுமையாகச் சண்டையிட்டன. ஒருவர் எண்ணியது அறிவிப்புகளை, மற்றவர் எண்ணியது சொத்துக் கைமாற்றத்தை. ‘வெளியேறுதல்’ என்ற ஒரு சொல்லுக்கு வரையறை இல்லாமல் துறை ஐம்பது ஆண்டுகள் ஓடியிருக்கிறது.

தரவுக் கதவுகளும் சாத்தப்படுகின்றன. சீனாவின் பெரிய ஆய்வுத் தரவகமான சிஎன்கேஐ, 2023 முதல் வெளிநாட்டு நூலகங்களுக்குப் பல பகுதிகளை நிறுத்திக்கொண்டது. இருபது ஆண்டுகளாகச் சீனத் தரவை நம்பியே ஆய்வுகளை எழுதியவர்கள் இப்போது இந்தியாவைப் பார்க்கிறார்கள். நம் தொழிற்பேட்டைகளுக்கு அடுத்து வரப்போகிற கூட்டம் அதுதான். அவர்கள் கோட்பாட்டைக் கையோடு கொண்டுவருவார்கள். நம்மிடம் கேட்பது பெரும்பாலும் கையெழுத்தும் நுழைவு அனுமதியுமாக இருக்கும்.

பின்னலாடை
8 செப்டம்பர் 2025, மாலை 4.40

திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் இணக்கப் பிரிவை, அதாவது கம்ப்ளையன்ஸ் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். இங்கே நடக்கும் விவாதம் முழுவதும் தலைமையகம், கிளை என்ற படத்தை வைத்தே போவதால் இதை எழுதத் தோன்றியது.

எங்களிடம் வாங்கும் ஐரோப்பிய நிறுவனத்துக்குத் திருப்பூரில் ஒரு தையல் இயந்திரம்கூடச் சொந்தமில்லை. ஆனால் எங்கள் கழிவறைக் கதவின் உயரத்திலிருந்து மிகைநேர ஊதியம் வரை அவர்களுடைய கையேடு சொல்லுகிறது. 2023 ஜனவரியில் ஜெர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டம், அங்கே 3,000 பேருக்குமேல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு நடைமுறைக்கு வந்தது. மறு ஆண்டில் 1,000 பேர் வரை இறங்கியது. அந்தச் சட்டத்தின் வாசகத்தில் எங்கள் பெயர் இல்லை, ஆனால் அது பிறப்பித்த கேள்விப் படிவங்கள் எங்கள் மேசையில்தான் வந்து விழுகின்றன. இப்போது அமெரிக்காவும் சேர்ந்துகொண்டது. 2025 ஆகஸ்ட் 27 அன்று பல இந்தியப் பொருள்கள்மீதான வரியை 50 விழுக்காடாக உயர்த்தியது. பேராசிரியர் ஐயா சொன்ன ‘ஏணி இல்லாத இறக்கம்’ எங்களுக்குப் பாடநூல் விஷயம் அன்று. இந்த வாரத்து ஷிப்மென்ட் விஷயம்.

உரிமை இல்லாமல் ஆளும் இந்த உறவை உங்கள் துறையில் எந்தப் பெயரில் படிக்கிறார்கள் என்பதை விளக்கினால் நன்று.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரகடத்து நண்பர் சொன்னது போல் எங்களிடமும் ஆய்வாளர்கள் வருகிறார்கள். தொழிலாளர்கள் அவர்களைத் தணிக்கையாளர் என்றே நினைக்கிறார்கள். கையில் அட்டை, வரிசையாகக் கேள்வி, ஓரமாக நிற்கும் மேலாளர். எல்லாம் அப்படியே தணிக்கை போலவே இருக்கிறது. தணிக்கைக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்பது ஆண்டுக்கணக்கில் பழகிய ஒன்று. “வாரத்துக்கு எத்தனை மணி நேரம்?” என்றால் கேள்வி முடியுமுன்னே பதில் வரும். அந்தப் பதிலைத்தான் மென்பொருளில் போட்டுச் சமன்பாடு எழுதுகிறீர்கள். 2022இல் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானபோது, பெண்கள் தலைமையிலான ஒரு தொழிற்சங்கம், ஆலை நிர்வாகம், வெளிநாட்டு ஆடை பிராண்டுகள் மூன்றும் ஒரே கட்டுக்குள் வந்தன. பாலினத் துன்புறுத்தலைக் கவனிக்க உற்பத்தித் தளத்திலேயே பயிற்சி பெற்ற தொழிலாளர்கள் கண்காணிப்பாளர்களாக நியமிக்கப்பட்டார்கள். வெளியிலிருந்து வந்த தணிக்கையாளர்களிடம் ஆண்டுக்கணக்கில் வராத புகார்கள், பக்கத்து இயந்திரத்தில் இருப்பவரிடம் வருகின்றன. யார் கேட்கிறார் என்பதைப் பொறுத்துத் தரவே மாறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

தாமிரபரணி
8 செப்டம்பர் 2025, இரவு 8.15

பின்னலாடை அவர்கள் கேட்டதற்குச் சுருக்கமான விடை: பக்லியும் கௌரியும் 2004இல் ‘உலகத் தொழிற்சாலை’ என்ற பெயரில் எழுதத் தொடங்கினார்கள், உலக மதிப்புச் சங்கிலி என்று கேரி ஜெரெஃபி வழியினர் அதற்கு முன்பிருந்தே எழுதிவருகிறார்கள். ஆனால் இரண்டிலும் விளக்கம் வாங்குபவரின் நாற்காலியிலிருந்து தொடங்குகிறது. உங்கள் மேசையிலிருந்து தொடங்கும் விளக்கம் இன்னும் சரியாக எழுதப்படவில்லை.

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் நகரத்தார் நினைவு வரும். பன்னாட்டு நிறுவனம் என்றவுடன் 1960இல் ஸ்டீபன் ஹைமர் எழுதிய ஆய்வேட்டிலிருந்து தொடங்குகிறோம். அந்நிய மண்ணில் உள்ளூராருக்கு எதிராகத் தொழில் செய்பவருக்கு ஏதோ ஒரு தனி வலு இருந்தாக வேண்டும் என்பது அவர் கேள்வி. அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே முதலாளி செட்டிநாட்டில் இருக்க, மேலாள் மூன்றாண்டுத் தவணையில் ரங்கூனுக்கோ பினாங்குக்கோ கொழும்புக்கோ கப்பலேறினார். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர் அடுத்தாளாகி, பிறகு மேலாளாகி, தவணை முடிந்து ஊர் திரும்பிக் கணக்கை ஒப்படைத்தார். பேரேடும் ஐந்தொகையும் எல்லாக் கடைகளிலும் ஒரே முறையில் எழுதப்பட்டன. தொலைதூரக் கிளையை எப்படி நம்புவது என்ற கேள்விக்கு அவர்கள் கண்ட விடையில் சுழற்சிப் பணியும் கணக்கு முறையும் கோயிலும் திருமண உறவும் பிரிக்க முடியாமல் பின்னிக்கிடந்தன. இதைப் படித்துவிட்டு உப்சாலாவைப் படித்தால் வேறு கேள்விகள் எழும்.

கீரிமலை
9 செப்டம்பர் 2025, காலை 10.30

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன், முகாமைத்துவ பீடமொன்றில் விரிவுரையாளராக உள்ளேன். பேராசிரியர் ஐயா அவர்கள் கூறிய எடுத்துக்காட்டை மறுக்கவில்லை, ஆயினும் அதன் மறுபாதியும் இவ்விழையில் பதிவாக வேண்டும். 1930இல் அரிசி விலை வீழ்ந்தபோது, கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் செட்டிமாரின் கையிலிருந்த நிலம் ஆறு விழுக்காடு. 1938 அளவில் அது நான்கில் ஒரு பங்காகியது. அவர்கள் விரும்பி வாங்கியதன்று, கடன் திரும்பாமையால் வந்து சேர்ந்தது. எனினும் நிலத்தை இழந்த பர்மிய உழவருக்கு அந்த வேறுபாடு ஆறுதல் அளித்திராது. 1942இல் ஜப்பானியப் படையெடுப்பு, பின்னர் நிலத் தேசியமயம். பெரும்பாலோர் வெறுங்கையுடன் திரும்பினர். சமூகத்துக்குள் நம்பிக்கையைப் பூட்டிவைத்த அதே ஒழுங்கு, சுற்றியிருந்த சமூகத்தின் கண்ணில் அவர்களை என்றென்றைக்கும் அந்நியராக்கியது. சுதேசக் கோட்பாடு என்ற பெயரில் வெற்றிக் கதையை மட்டும் எடுத்தால் நாமும் ஒரு 77ஐத்தான் உருவாக்குவோம்.

‘நாடு’ என்ற அளவுகோலைப் பற்றி எங்கள் பக்க அனுபவம் ஒன்று. போருக்குப் பின்னர் கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலைகள் அமைந்தன. நிறுவனம் தென்பகுதியைச் சேர்ந்தது. தையல் மேசையில் இருப்போர் தமிழ்ப் பெண்கள். மேலிடத்து மொழி சிங்களம், தொழிலாளரின் மொழி தமிழ், ஆவணங்கள் ஆங்கிலம். பன்னாட்டு மேலாண்மை ஆய்வின் கணக்கில் இது உள்நாட்டு நிறுவனம். பண்பாட்டுத் தொலைவு பூச்சியம். அதே கணக்கில், சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வரும் நிறுவனம் எல்லை கடக்கிறது.

எல்லை கடந்தால் தமிழும் மாறிவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் ஆக்கப்பட்ட வினாத்தாள் ஒன்றை நாங்கள் அப்படியே பயன்படுத்த முயன்றோம். உங்களுடைய ‘மேலாளர்’ எங்களுக்கு முகாமையாளர். உங்களுடைய ‘இயக்குநர்’ எங்களுக்குப் பணிப்பாளர். ‘இயக்குநர் உங்களுடன் நேரடியாகப் பேசுவாரா?’ என்ற கேள்விக்கு எங்கள் பெண்கள் சினிமாவை நினைத்துச் சிரித்தார்கள். ‘பணிப்பாளர்’ என்று திருத்தியதை உங்கள் பக்கத்து மாணவர் ஒருவர் ‘பணியாளர்’ என்று வாசித்துக் குறியேற்றம் செய்துவிட்டார். தலைவரும் தொழிலாளியும் ஓரிரு எழுத்தில் இடம் மாறினர்.

புள்ளிவிவரப்பித்தன்
9 செப்டம்பர் 2025, இரவு 10.55

கீரிமலை அவர்களின் கடைசிப் பத்தியைப் படித்துவிட்டு என் பழைய தரவுக் கோப்புகளைத் திறந்து பார்க்கவே அச்சமாக இருக்கிறது.

பண்பாட்டை விட்டுவிடலாம் என்று நான் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை. ஆனால் நடைமுறையை அளப்பதற்கும் சொல் வேண்டும் என்பதை மறந்துவிட்டேன். இது தொடர்பாக நொய்யல்கரை அவர்களுக்குப் பயன்படக்கூடியவை இரண்டு உண்டு. ஆங்கில வினாத்தாளையும் தாய்மொழி வினாத்தாளையும் பல நாட்டு மாணவர்களிடம் கொடுத்து ஒப்பிட்ட ஆன்-வில் ஹார்சிங், ஆங்கிலத்தில் கேட்டால் நாடுகளுக்கிடையிலான வேறுபாடு சுருங்கிவிடுகிறது என்று 2005இல் காட்டினார். ஆங்கிலம் தெரிந்தவர்களிடம் ஆங்கிலத்திலேயே கேட்டுவிடலாம் என்ற சுருக்குவழி, நீங்கள் தேடுகிற வேறுபாட்டையே அழித்துவிடும். அடுத்து, மொழிபெயர்த்ததை மூலமொழிக்கே திருப்பிச் சரிபார்க்கும், பிரிஸ்லின் 1970இல் பரிந்துரைத்த மீள்மொழிபெயர்ப்பு முறையை எல்லோரும் ஆய்வேட்டில் ஒரு வரியில் குறிப்பிட்டுவிட்டு நிம்மதியடைகிறோம். ஒரகடத்து நண்பரின் ‘கமிட்மென்ட்’ அந்தச் சோதனையில் நூற்றுக்கு நூறு வாங்கும். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குத் திருப்பினால் அதே சொல்தானே வரும். ஆகவே சிலரிடம் கேள்வியைப் படிக்கச் சொல்லி, என்ன புரிந்தது என்று அவர்கள் வாயாலேயே கேட்கும் முன்னோட்டம் தவிர்க்க முடியாதது. அளவீடு இரு குழுக்களிலும் ஒரே பொருளைத் தருகிறதா என்று பார்க்கும் புள்ளியியல் சோதனை அதற்குப் பிறகுதான்.

இப்போது புதிதாக ஒரு கூத்து வேறு தொடங்கியிருக்கிறது. மனிதர்களிடம் போவதற்குப் பதிலாக, செயற்கை நுண்ணறிவு மாதிரியை “நீ ஒரு இந்தியத் தொழிலாளி” என்று நடிக்கச் சொல்லி வினாத்தாளை நிரப்ப வைக்கிறார்கள். ஐபிஎம் கணக்கெடுப்பில் 37 பேராவது உயிரோடு இருந்தார்கள்.

நொய்யல்கரை
10 செப்டம்பர் 2025, இரவு 9.30

எல்லோருக்கும் மிக்க நன்றி. மூன்று நாள்களில் என் முன்மொழிவின் இரண்டாம் இயலை முழுவதுமாக அடித்துவிட்டேன். நாடுகளின் எண்களிலிருந்து கருதுகோள் எடுப்பதை விட்டுவிட்டேன். ஒரே கொரிய நிறுவனத்தின் துணை வழங்குநர்களாக உள்ள மூன்று ஆலைகளை எடுத்துக்கொண்டு, குறைபாடுள்ள பொருள் லைனில் கண்டுபிடிக்கப்பட்டால் அந்தச் செய்தி யாரிடமிருந்து யாருக்கு, எந்த மொழியில், எவ்வளவு நேரத்தில் போகிறது என்பதைப் பின்தொடரப்போகிறேன். அதிகார இடைவெளி என்ற ஒன்று இருந்தால் அந்தப் பாதையில் எங்காவது தென்பட்டாக வேண்டும். வினாத்தாள் பின்னால் வரும், அதுவும் அங்கே கேட்ட சொற்களைக் கொண்டு.

என் வழிகாட்டி இதைக் கேட்டுவிட்டு, “நன்றாக இருக்கிறது, ஆனால் மூன்று ஆலைகளை வைத்து எழுதினால் ஏபிடிசி பட்டியலில் ஏ தர இதழ் ஏற்குமா?” என்றார். அவர் கவலையிலும் நியாயம் இருக்கிறது; கல்லூரியில் என் பதவி உயர்வு அந்தப் பட்டியலில்தான் தொங்குகிறது. ஆஸ்திரேலியக் கல்லூரிகளின் புலத்தலைவர்கள் தங்கள் தேவைக்கு வகுத்த பட்டியல், கோயம்புத்தூரில் ஒருவர் எதை ஆராயலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. தாமிரபரணி ஐயா இதைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று அறிய விரும்புகிறேன்.

தாமிரபரணி
11 செப்டம்பர் 2025, காலை 6.50

ஒரு சில இடங்களைத் தீவிரமாகப் பின்தொடரும் ஆய்வுகளைப் பன்னாட்டு வணிக இதழ்கள் முன்பைவிடக் கூடுதலாக ஏற்கின்றன. 2011இல் கேத்தரின் வெல்ச்சும் சக ஆய்வாளர்களும் தனிநிகழ்வு ஆய்விலிருந்து கோட்பாடு எழும் வழிகளைப் பற்றி எழுதியதை மேற்கோள் காட்டினால், மதிப்பீட்டாளரிடம் பாதி வாதம் முடிந்துவிடும். முடிவு தற்செயலா என்று சோதிக்கும் பி-மதிப்பு ஒன்றையே பிடித்துத் தொங்குவதற்கு எதிராக, அந்தக் கட்டுரை வெளிவந்த அதே இதழின் ஆசிரியர்கள் 2017இல் எழுதிய தலையங்கமும் உங்களுக்குக் கைகொடுக்கும். ஆனால் மூன்று ஆலை ஏன், எதற்காக இந்த மூன்று என்ற கேள்விக்கு உங்களிடம் உறுதியான விடை இருக்க வேண்டும். ‘அனுமதி கிடைத்தது’ என்பது விடை ஆகாது, எல்லோருக்கும் உண்மையான விடை அதுவாகவே இருந்தாலும்.

பட்டியலைப் பற்றிக் கேட்டீர்கள். பதவி உயர்வுக்கு ஒரு கட்டுரையைப் பட்டியலுக்கு எழுதுங்கள்; ஆய்வேட்டைப் பட்டியலுக்காக எழுதாதீர்கள். இதற்குமேல் நேர்மையான அறிவுரை என்னிடம் இல்லை, தம்பி.

இரண்டாம்ஷிஃப்ட்
11 செப்டம்பர் 2025, பிற்பகல் 2.05

நண்பரே, குறைபாட்டுச் செய்தியின் பாதையைப் பின்தொடரும் திட்டம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு சிறு தகவல்: எங்கள் ஆலையில் அந்தச் செய்தி எழுத்தில் போவதற்குமுன் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படமாகப் போய்விடும். கொரிய மேலாளர் இருக்கும் குழு வேறு, அவர் இல்லாத குழு வேறு. படம் முதலில் எந்தக் குழுவில் விழுகிறது, எவ்வளவு நேரம் கழித்து மற்றக் குழுவுக்குத் தாவுகிறது என்று பார்த்தாலே உங்களுக்கு வேண்டியதில் பாதி கிடைக்கும். இதற்கு நிர்வாகத்தின் அனுமதியும் குழுவில் உள்ள ஒவ்வொருவரின் ஒப்புதலும் வேண்டும். எங்கள் மேலிடத்தில் நான் பேசிப் பார்க்கிறேன்.

வரும்போது மனிதவளப் பிரிவின் அறையில் உட்கார்ந்து கேட்காதீர்கள். அங்கே எல்லோரும் பின்னலாடை அவர்கள் சொன்ன தணிக்கைப் பதிலைத்தான் சொல்வார்கள். இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து பேருந்து புறப்படுவதற்கு இருபது நிமிடம் இருக்கும், அந்த நேரத்தில் கேட்டுக்கு வெளியே உள்ள தேநீர்க் கடைக்கு வாருங்கள். அட்டையும் பேனாவும் பையிலேயே இருக்கட்டும்.